யாரோ படித்ததை ஒப்பிக்கவா தமிழ்த் தேர்வு?

‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’, ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’. தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்து வந்த பலருக்கும் இந்த வரிகள் இன்னும் மறந்திருக்காது. ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்று கேட்டால் எந்தப் பாட்டுக்கும் இதுதான் தொடக்கம். பிறகு முதல் எழுத்து ஒத்துவரும் இரண்டு சொற்களைப் பொறுக்கி மோனை என்று எழுத வேண்டும். இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை. ‘இப்பாடல் படிப்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறது’ என்று முடித்துவிட்டால் வேலை தீர்ந்தது. பாட்டு மழையைப் பற்றியதா, மரணத்தைப் பற்றியதா என்று பார்க்காமலேயே பாதி மதிப்பெண்ணை வாங்கிவிடலாம்.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்கு ஏற்ற விடையைத்தான் அவர்கள் தருகிறார்கள். ஒரு பத்தியையோ பாட்டையோ தானே படித்து, தானே பொருள் கண்டு, ‘இந்த வரியைப் பார்த்துத்தான் இப்படிச் சொல்கிறேன்’ என்று காட்டும் திறனை நம் தமிழ்த் தேர்வு கேட்பதே இல்லை. வேறொருவர் படித்து வைத்ததை நினைவில் வைத்திருக்கிறாயா என்றுதான் கேட்கிறது.

ஒரு பத்தி, மூன்று கேள்விகள்

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி. பெரும்பகுதி மானாவாரிப் பூமி. கடவூர் மலையடிவாரத்தில் இருக்கும் பொன்னணியாறு அணைதான் இந்த ஒன்றியத்தின் ஒரு பகுதிக்குப் பாசனம் தருகிறது. இந்த ஊரில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்காக, ஒரு பேச்சுக்கு, இப்படி ஒரு பத்தி எழுதிக்கொள்வோம்:

‘இந்த ஆண்டு நல்ல மழை. அணைக்குத் தண்ணீர் வந்தது. வாய்க்கால் முழுவதும் தூர்வாரப்பட்டுவிட்டதாக அதிகாரிகள் தெரிவித்தனர். தண்ணீர் திறந்து பத்து நாளாகியும் கடைமடையில் கடலை வாடியது. முருகேசன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலோடு மேலே நடந்தார்.’

முதல் கேள்வி: கடைமடையில் என்ன பயிர் வாடியது? பத்தியில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். இரண்டாவது: முருகேசன் ஏன் மண்வெட்டியோடு மேலே நடந்தார்? இதற்கான விடை எந்த வரியிலும் எழுதப்படவில்லை. தண்ணீர் திறந்தது, பத்து நாள் ஆனது, பயிர் வாடியது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று அவர் நினைத்தது புரியும். மூன்றாவது: வாய்க்கால் உண்மையிலேயே முழுவதும் தூர்வாரப்பட்டதா? ‘தூர்வாரப்பட்டது’ என்று பத்தி சொல்லவில்லை; அப்படி அதிகாரிகள் தெரிவித்ததாகத்தான் சொல்கிறது. அடுத்த வரி அதை நம்பாதே என்கிறது. எழுதியவர் யாரையும் திட்டவில்லை; இரண்டு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

முதல் கேள்வி எடுத்துச் சொல்வது, இரண்டாவது இணைத்துப் பார்ப்பது, மூன்றாவது எடைபோடுவது. வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்றால் இந்த மூன்றும்தான். நம் வகுப்பறையில் முதல் கேள்வியோடு மணி அடித்துவிடுகிறது.

மூன்றாம் கேள்விக்குப் பழகாத பிள்ளை நாளை எதிலெல்லாம் அகப்பட்டுக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் நிறுவனத்தின் ஒப்பந்தத் தாள், பூச்சிமருந்து டப்பாவின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை, பத்திரப்பதிவுக்கு முன் படித்துப் பார்க்க வேண்டிய வில்லங்கச் சான்று, வாட்ஸ்அப்பில் ‘பகிரவும்’ என்று வந்து விழும் வதந்தி என எல்லாமே படித்து எடைபோட வேண்டியவை. அங்கே கைடு கிடையாது.

எண்கள் சொல்வது

கொரோனா பள்ளி மூடலுக்குப் பிறகு 2022-இல் நடந்த ‘அசர்’ (கல்வி நிலை பற்றிய ஆண்டறிக்கை) ஆய்வில், தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். 2024 அறிக்கையில் நிலைமை ஓரளவு மீண்டிருக்கிறது. இடையில் அரசு சும்மா இருக்கவில்லை. 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’, 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’, 2025-இல் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கியவர்களுக்காகத் ‘திறன்’ என்று அடுத்தடுத்துத் திட்டங்கள் வந்தன. ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொடுத்த ‘வாசிப்பு இயக்கம்’ இவற்றில் தனித்துப் பாராட்ட வேண்டிய முயற்சி.

ஆனால் ‘அசர்’ பார்ப்பது, பிள்ளை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறதா என்பதை. படித்தது புரிந்ததா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைத் தமிழ்நாடு உலக அளவிலான தேர்வில் ஒரே ஒரு முறை எதிர்கொண்டிருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் ‘பிசா’ தேர்வின் 2009 சுற்றில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011-இல் முடிவு வந்தபோது, வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டு மாணவர்கள் 17 சதவீதம்; அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 81 சதவீதம். பங்கேற்ற 70-க்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் வரிசையில் நாம் கடைசிப் பெஞ்சில் இருந்தோம்.

கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அப்போது சொல்லப்பட்டது. அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் ‘பிசா’ கேட்டவையும் மேலே பார்த்த அதே மூன்று வகைக் கேள்விகள்தான்: எடுத்துச் சொல், இணைத்துப் பார், எடைபோடு. அதற்குப் பிறகு இந்தியா அந்தத் தேர்வில் கலந்துகொள்ளவே இல்லை. ‘பிசா’வில் பின்தங்கிய நம் மாணவர்கள் அப்போது பத்தாம் வகுப்பில் மோசமாகத் தேறினார்கள் என்றும் சொல்ல முடியாது. பொதுத்தேர்வில் நம் தேர்ச்சி விகிதம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தேர்வுகளும் வெவ்வேறு திறன்களை அளந்தன என்பதுதான் இதற்கு விளக்கம்.

பாரி மகளிர் அழுதார்களா?

இலக்கியத்துக்கு வருவோம். புறநானூற்றின் 112-ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடி. போன மாத நிலவில் தந்தை இருந்தார், மலையும் கைவிட்டுப் போகவில்லை. இந்த மாத நிலவில் வேந்தர்கள் மலையைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை. பாட்டின் செய்தி இவ்வளவுதான். கைடில் இதற்குத் திணை, துறை, கையறுநிலையின் விளக்கம், பாரியின் வள்ளன்மை, முல்லைக்குத் தேர் எல்லாம் இருக்கும். அவ்வளவையும் அடி மாறாமல் எழுதினாலும் பாட்டின் பக்கத்தில்கூட வரவில்லை என்றுதான் அர்த்தம்.

பாட்டுக்குள் போகக் கேள்வி வேண்டும். போன மாதத்தைச் சொல்லும்போது தந்தை முதலில் வருகிறார், மலை அடுத்து வருகிறது. இந்த மாதத்தைச் சொல்லும்போது மலை முதலில், தந்தை கடைசியில். ஏன் இந்த வரிசை மாற்றம்? தந்தை இல்லை என்ற சொல்லோடு பாட்டு நின்றுவிடுகிறது. அதற்குமேல் சொல்ல அந்தப் பெண்களிடம் எதுவும் இல்லை என்று ஒரு மாணவி எழுதலாம். இழப்புகளில் பெரியதைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள் என்று இன்னொரு மாணவர் எழுதலாம். இரண்டுமே சரி, இரண்டுக்கும் பாட்டில் ஆதாரம் இருக்கிறது.

இன்னொரு கேள்வி: மலையைப் பறித்தவர்களை வெற்றிமுரசு கொட்டும் வேந்தர்கள் என்று மகளிர் சொல்கிறார்களே, அது புகழ்ச்சியா? வஞ்சனையால் வென்றவர்களைச் சொல்வதால் அதை இகழ்ச்சியாகவே கொண்டார் பழைய உரைகாரர். மூன்றாவதாக ஒன்று: அழுகை, கண்ணீர் என்ற பேச்சே இல்லாத பாட்டு நம்மை ஏன் இவ்வளவு கலங்கவைக்கிறது? இந்த மூன்று கேள்விகளையும் வகுப்பில் போட்டுப் பாருங்கள். முக்கால் மணி நேரப் பாடவேளை போதாது. மோனையும் எதுகையும் அப்போது தானாக வந்து சேரும், ஓசை பாட்டுக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடையாக.

ஸ்ரீரங்கத்தில் கேட்ட கேள்விகள்

இப்படிக் கேள்வி கேட்டுப் படிப்பது மேற்கிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய சரக்கு இல்லை. வையம்பட்டி இருக்கும் இதே திருச்சி மாவட்டத்தில், ஸ்ரீரங்கத்தில், பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது கலையாக வளர்ந்திருந்தது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி என்ற ஒரு நூலுக்கு மட்டும் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று ஐந்து வியாக்கியானங்கள். முப்பத்தாறாயிரப்படிதான் ‘ஈடு’. நம்பிள்ளை காலட்சேபமாகச் சொல்லச் சொல்ல, அவர் மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்தது. அந்தக் காலட்சேபத்துக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்து, இது ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாள் கோஷ்டியா, நம்பிள்ளை கோஷ்டியா என்று கேட்டார்களாம். பின்னாளில் மணவாள மாமுனிகள் நம்பெருமாள் முன்னிலையில் ஓராண்டுக் காலம் ஈடு சொன்னதாக வைணவ மரபு போற்றுகிறது. ஒரு நூலைக் கேட்க ஓராண்டு!

ஈட்டைப் புரட்டினால் அதன் படிப்புமுறை பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு பாசுரத்துக்கும் முன்னால் அவதாரிகை: போன பாட்டிலிருந்து இந்தப் பாட்டுக்கு எப்படி வந்தோம் என்ற தொடர்ச்சி. பிறகு சொல் சொல்லாக விசாரணை: இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல்? அதற்கு முன்னோர் ஒருவர் இப்படிச் சொல்வார், இன்னொருவர் அப்படிச் சொல்வார் என்று மாறுபட்ட கருத்துகளும் பக்கத்திலேயே பதிவாகியிருக்கும். ஒரே பாட்டுக்கு இரண்டு பொருள் இருந்தால் இரண்டும் நிற்கும். சமயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், நுணுகிப் படிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வைணவத்துக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை இது. திருக்குறளுக்குப் பதின்மர் உரை செய்தார்கள். பரிமேலழகரோடு முரண்பட்டவர்களை யாரும் பெயிலாக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி, உரைக்கு வேண்டிய 14 கூறுகளைச் சொல்லும்போது வினாவையும் விடையையும் தனித்தனியாக வைத்தார். விடை மட்டும் இருந்தால் அது உரை ஆகாது. கேள்வியும் வேண்டும்.

கோனார் மேல் குற்றமா?

அதே திருச்சிதான் இன்னொன்றையும் தந்தது. தூய வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரை. தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையில் பாடநூலுக்குப் பக்கத்தில் அது இருந்திருக்கிறது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கு, பதம் பிரித்துப் பொருள் சொல்ல அந்த உரைதான் துணை. எத்தனையோ முதல் தலைமுறைப் பட்டதாரிகளைக் கரையேற்றிய புத்தகத்தைக் கேவலமாகப் பேசுவது நன்றி கெட்ட செயல்.

கோளாறு உரைநூலில் இல்லை. உரைநூலே போதும் என்று ஆக்கிவைத்த தேர்வில் இருக்கிறது. ஈடும் உரை, கோனாரும் உரை. ஈட்டைக் கேட்டவர்கள் அதை வைத்து மேலும் கேள்வி கேட்டார்கள். கோனாரை வாங்கியவர்களை மனப்பாடம் செய்யச் சொன்னது பரீட்சை.

2018-இல் வந்த புதிய பாடநூல்கள் இதை மாற்ற முயன்றன என்பதையும் சொல்ல வேண்டும். ‘கற்பவை கற்றபின்’, ‘மொழியை ஆள்வோம்’ போன்ற பகுதிகளில் படித்துப் புரிந்துகொள்ள, சொந்தமாக எழுதப் பயிற்சிகள் உண்டு. இன்ன பாடத்திலிருந்து இத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே காட்டிய ‘புளூபிரிண்ட்’டும் கைவிடப்பட்டது. 2019-20 முதல் பத்தாம் வகுப்பின் இரண்டு தமிழ்த் தாள்கள் நூறு மதிப்பெண்ணுக்கு ஒரே தாளாயின. அதில் பத்தி தந்து கேட்கும் வினா உண்டு; பாடலடி தந்து கேட்கும் ஒரு மதிப்பெண் வினாக்களும் உண்டு. ஆனால் அந்தப் பத்தியும் பாட்டும் பெரும்பாலும் பாடநூலிலிருந்தே எடுக்கப்படுபவை. ஏற்கெனவே ஐந்தாறு முறை திருப்புதல் தேர்வில் எழுதிப் பழகியவை. வாசித்துப் புரிந்துகொள்வதை அளக்க வைத்த கேள்வி, இப்படி நினைவாற்றல் கேள்வியாகிவிடுகிறது.

மிச்சத்தை விடைத்தாள் திருத்தும் முகாம் முடித்துவைக்கிறது. அங்கே ஆசிரியர் கையில் ஒரு விடைக்குறிப்பு இருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்று கணக்கும் இருக்கும். விடைக்குறிப்பில் உள்ள சொல் தாளில் இருந்தால் மதிப்பெண். பாரி மகளிர் பாட்டில் வரிசை மாறியதைக் கண்டுபிடித்த மாணவி, விடைக்குறிப்பில் இல்லாததை எழுதியதற்காக மதிப்பெண்ணை இழக்க நேரலாம். இது தெரிந்த எந்த ஆசிரியரும் சொந்தமாக எழுது என்று தன் மாணவியிடம் சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானது.

தெரிந்த விஷயம், தெரியாத விஷயம்

வாசிப்புத் திறன் என்பது தலைப்பு போட்டுச் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய தனி வித்தையும் இல்லை. 1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர், ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், சுமாரானவர்கள், பேஸ்பால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று கலந்த கூட்டம். ஆட்டத்தைப் பற்றித் தெரிந்த சுமாரான வாசகர்கள், அதைப் பற்றித் தெரியாத கெட்டிக்காரர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

மணப்பாறைப் பக்கத்துப் பிள்ளைக்கு ஜல்லிக்கட்டைப் பற்றி ஒரு பத்தி கொடுத்தால் வாடிவாசல், திமில் என்று ஒரு வார்த்தையிலும் தடுக்காது. மெட்ரோ ரயிலைப் பற்றிக் கொடுத்தால் தடுமாறும். சென்னைப் பிள்ளைக்குத் தலைகீழ். ஆகவே கேள்விக்கான பத்திகள் எல்லா வட்டாரங்களிலிருந்தும் வர வேண்டும். அதைவிட முக்கியம், பிள்ளைகள் தம் ஊருக்கு அப்பால் உள்ளதையும் நிறையப் படித்திருக்க வேண்டும். திருச்சியில் காமராஜர் பெயரில் பெரிய நூலகம் அமைவது நல்லது. ஆனால் வையம்பட்டியிலிருந்து திருச்சி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அந்தப் பிள்ளைக்குப் பள்ளி நூலக அலமாரிதான் நூலகம். அலமாரியின் சாவி தலைமையாசிரியர் மேசைக்குள் இருக்கும்வரை அதுவும் இல்லை.

எதிர்வாதங்கள்

எழுதப் படிக்கவே தடுமாறும் பிள்ளையிடம் இலக்கிய ஆராய்ச்சியா என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். எழுத்தறிவிப்பது முந்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருள் காண்பது வாயாலும் நடக்கும். கதையைப் படித்துக் காட்டி, ‘அவள் ஏன் அப்படிச் செய்தாள்?’ என்று கேட்டால், எழுதத் தெரியாத பிள்ளைதான் பல வகுப்புகளில் முதலில் கையைத் தூக்கும். மெல்லக் கற்பவர்கள் என்று ஒதுக்கி, பாஸ் மார்க்குக்கு மட்டும் ‘மெட்டீரியல்’ கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பது, யோசிக்கத் தெரிந்த பிள்ளையையும் யோசிக்காதே என்று பழக்குவதாகும்.

பாடப்பகுதியை முடிக்க வேண்டும், ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், நூறு சதவீதத் தேர்ச்சியும் காட்ட வேண்டும், நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. இது மெய்யான சிக்கல். அதற்குத் தீர்வு ஆசிரியர் தலையில் இன்னொரு பயிற்சி முகாமைக் கட்டுவது அல்ல. தேர்வு மாறினால் வகுப்பறை தானாக மாறும். கேள்வித்தாளில் இல்லாததை வகுப்பில் நடத்தும் ஊர் எதுவும் இல்லை.

சொந்தக் கருத்தை எழுதச் சொன்னால் எதை வேண்டுமானாலும் எழுதுவார்களே, எப்படித் திருத்துவது? இதற்கு விடை எளிது. கருத்துக்கு ஒரு மதிப்பெண். அந்தக் கருத்துக்கு இடம் தரும் வரியைப் பத்தியிலிருந்து எடுத்துக் காட்டினால் ஒன்று. இரண்டையும் இணைத்துக் காரணம் சொன்னால் இன்னொன்று. வரியைக் காட்டாத கருத்துக்கு மதிப்பெண் கிடையாது. இதைவிடக் கறாரான திருத்தல் முறை இருக்க முடியாது.

செய்ய வேண்டியவை

பள்ளிக் கல்வித் துறை மூன்று காரியங்களைச் செய்யலாம். மூன்றுக்கும் கட்டடம் வேண்டாம், பெரிய நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஒன்று: பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தாளில் குறைந்தது இருபது மதிப்பெண்ணாவது பாடநூலில் இல்லாத பத்திக்கும் பாட்டுக்கும் ஒதுக்க வேண்டும். அதில் பாதியாவது ‘ஏன்’, ‘எதை வைத்துச் சொல்கிறாய்’ என்ற கேள்விகளாக இருக்க வேண்டும். இரண்டு: விடைக்குறிப்பில் இந்தக் கேள்விகளுக்கு ஒற்றை விடைக்குப் பதில், ஏற்கத்தக்க பல விடைகளின் மாதிரிகளை அச்சிட வேண்டும். மூன்று: வட்டார வள மையக் கூட்டங்களில் தமிழாசிரியர்கள் தம் வட்டாரம் சார்ந்த பத்திகளையும் கேள்விகளையும் தாங்களே எழுதி மாநிலம் முழுவதும் பகிர வழி செய்ய வேண்டும். வையம்பட்டி ஆசிரியர் எழுதிய பத்தியைத் திருவொற்றியூர் மாணவர் படிக்கட்டும். அங்கே எழுதியது இங்கே வரட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை பாடம் படித்து முடித்ததும் ‘ஒப்பி, பார்க்கலாம்’ என்பதை விட்டுவிட்டு, ‘இதில் உனக்கு என்ன புரிந்தது, எந்த வரியில் அப்படி இருக்கிறது, காட்டு’ என்று கேளுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோரும் இதைக் கேட்கலாம்.

புதிய கல்வியாண்டுக்கான வினாத்தாள் அமைப்பை வகுக்கும்போது கல்வித் துறை இந்த இருபது மதிப்பெண்ணைச் சேர்த்து ஆணை பிறப்பிக்கட்டும். ஒரு பாட்டுக்கு ஐந்து உரை கண்ட மண்ணின் பிள்ளைகளிடம், ஒரே ஒரு விடையை மட்டும் எதிர்பார்ப்பது அவர்களுக்கும் தமிழுக்கும் செய்யும் அநீதி.